பழைய உறுப்பும் புதிய புணர்ச்சியும்

இரு சொற்கள் சேருமிடத்து இயல்பாய்ப் பொருந்துவனவும் உள; விகாரப்பட்டுப் பொருந்துவனவும் உள. அவ்விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார் நன்னூலார். எழுத்துக்கு வகுத்த இம்முறை இரும்புக்கும் ஒக்குமோ என மாணவர் வினவலாம். அமெரிக்காவிலே, கலிபோர்னியா இளைஞர் பழைய கார்களைப் பிரித்துக் கோத்து 'ஹொட் றொட்' என்னும் விரைவூர்திகளாக்கிய வரலாற்றை நோக்குவார்க்கு, ஒக்கும் என்பதே விடையாகும்.

1932இல் போர்ட் நிறுவனம், எட்டு உருளைகளும் ஒரே வார்ப்பில் அமைந்த இயந்திரத்தை எளியோரும் வாங்கத்தக்க காரிற் பொருத்தி வெளியிட்டது. 221 கன அங்குலமும் 65 குதிரைவலுவும் உடையது அது. ஆண்டுகள் செல்ல, அக்கார்கள் பழையனவாகிக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. இளைஞர் அவற்றின் மட்காட்டுகளைக் கழற்றிப் பாரங் குறைத்து, மூரொக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினர். கையிற் பணமோ சிறிது. ஆதலால் உடைந்த கார்கள் குவிந்து கிடந்த இடங்களே அவர்தம் பண்டசாலைகளாயின.

ஆங்கு அவர்கள் பெரிதும் நாடியவை லிங்கன் செபிர் காரின் கியர்ப் பற்சில்லுகள். அது பன்னிரண்டு உருளை கொண்ட விலையுயர்ந்த கார். எனினும் போர்ட் நிறுவனத்தின் வழிவந்ததே. அதனால் அதன் பற்சில்லுகள் போர்ட் கியர்ப் பெட்டியினுள்ளே அமர்ந்தன. போர்ட்டின் முதலிரு கியர்களும் விரைவிலே தம் எல்லையை எட்டிவிடும். செபிரினவோ நெடிது இழுத்துச் செல்லும். மூன்றாவதற்கு மாற்றும்போதும் இயந்திரச் சுழற்சி அதிகம் தாழாது. இஃது ஏறக்குறைய இயல்பு புணர்ச்சி.

1949இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் 135 குதிரைவலு இயந்திரம் வந்தது. அதனைப் பழைய போர்ட்டில் ஏற்ற விகாரம் மூன்றும் வேண்டியிருந்தன. இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இணைப்புத் தகடொன்று புதிதாய் வந்தது, இது தோன்றல். இயந்திரந் தாங்கிகள் வடிவு மாறின, இது திரிதல். இடையூறாய் நின்ற பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டன; இது கெடுதல்.

இவ்வளவுஞ் செய்தும் ஒரு குறை எஞ்சியது. இயந்திரத்தில் எழும் வலு கிளச்சு, கியர்ப் பெட்டி, சுழல்தண்டு, பின்னச்சு என்னும் வரிசையாற் சில்லுகளை அடைகிறது. இவற்றுள் நலிந்தது எதுவோ அதனையே அது முறிக்கும். பின்னச்சு முறிந்தாற் பந்தயம் போம். 'பிளைவீல்' எனப்படும் பழைய வார்ப்பிரும்புச் சில்லு, அமைத்தோர் எண்ணாத வேகத்திற் சுழன்று சிதறினாலோ, துண்டுகள் ஓட்டுவோன் கால்மாட்டிலே பிளந்து வரும். காலை இழந்தாரும் உயிரிழந்தாரும் உளர். அதனாலேயே வலிய இயந்திரமுடைய பந்தயக் கார்களில் அதனைச் சூழ எஃகுக் கவசம் இடுக எனப் பின்னர்ப் பந்தயச் சங்கங்கள் விதித்தன.

ஆகவே அறிந்தோர், வலிய இயந்திரத்தைக் கொண்டால் வலிய பின்னச்சையும் உடன்தேடினர். 1957இல் வந்த போர்ட்டின் ஒன்பதங்குலப் பின்னச்சு இன்றும் விரும்பப்படுவது. பழைய பின்னச்சிற் கிரவுண் வீலையும் பினியனையும் பிரித்தெடுத்தலும் ஆகாது. அவை ஒன்றோடொன்று உராய்ந்து பழகியவை; வேறொன்றோடு சேர்த்தால் இரைச்சலெழுந்து பல் கெடும். இரட்டைக்கிளவியைப் பிரித்தாற் பொருள் தராமை போன்றதே இதுவும்.

பழமை உறுப்புக்குக் குற்றமன்று. அயலோடு இணங்காமையே குற்றம். கட்டுரையிலே பெருஞ்சொல்லொன்றைக் கொணர்ந்து பொருத்தும் மாணவன், அதனைத் தாங்கும் வலு தன் வாக்கியத்துக்கு உண்டோ என முன்னரே நோக்குவானாக.