கூடவே வரும் காட்மியம்

"இது கேடிஎம் நகைதானே?" என்று நகைக்கடையில் கேட்காத அம்மா உண்டா? அந்தக் கேடிஎம் என்ற பெயரே காட்மியத்திலிருந்து வந்ததுதான். பத்தர் மகனான எனக்கே இது டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

காட்மியத்துக்கென்று யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. துத்தநாகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டு வருவது அது. 1817-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் கண்டுபிடித்ததும் துத்தநாகக் கார்பனேட்டில்தான். ஒரு டன் துத்தநாகம் எடுத்தால் சுமார் 3 கிலோ காட்மியம் தேறும், அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் உதயப்பூர் பக்கம் தெபாரியில் இருப்பது போன்ற ஆலைகளில், தாதுவை வறுத்து கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலில் துத்தநாகத்தோடு செம்பும் காட்மியமும் இருக்கும். அப்படியே மின்பகுப்புத் தொட்டிக்கு விட்டால், காட்மியமும் கேத்தோடில் போய் ஒட்டித் துத்தநாகத்தைக் கெடுத்துவிடும். அதனால் துத்தநாகத் தூளையே கரைசலில் கொட்டுகிறார்கள்! முதல் வருஷம் மின்வேதி வரிசை என்று மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கேதான் வேலை செய்கிறது. துத்தநாகம் −0.76 வோல்ட், காட்மியம் −0.40. துத்தநாகம் கரைந்து உள்ளே போக, காட்மியம் பஞ்சு மாதிரி வெளியே படிகிறது. அந்தப் பஞ்சை மறுபடி அமிலத்தில் கரைத்து, செம்பை ஒதுக்கி, மின்சாரம் பாய்ச்சினால் காட்மியம் உலோகமாகக் கிடைக்கும்.

ஈய உலையில் வழி வேறு. துத்தநாகம் கொதிக்க 907 டிகிரி வேண்டும். காட்மியத்துக்கு 767 டிகிரி போதும். ஆகவே அது புகையோடு ஏறித் தூசியாகிறது. அந்தத் தூசியைத் துணிப்பை வடிகட்டியில் பிடித்துத்தான் காட்மியத்தை எடுக்கிறார்கள்.

பிடிக்காமல் விட்டால்? ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, வயலுக்குப் போய், அரிசியில் ஏறியது. சாப்பிட்ட சனங்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு முறிந்தது. நோய்க்குப் பெயரே "இதாய் இதாய்", அதாவது "வலிக்குதே வலிக்குதே". காட்மியம்தான் காரணம் என்று அந்த நாட்டு அரசு சொன்னது 1968-ல்.

இப்போது எங்க பட்டறைக்கு வருகிறேன். பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் சேர்வதால், பற்ற வைத்த இடத்தில் மாற்று குறையும். காட்மியப் பொடியென்றால், ஊதும்போதே காட்மியத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், தங்கத்தின் மாற்று நிற்கும். போய்விடும் என்றால் எங்கே போகும்? ஆலையில் அதற்குத் துணிப்பை இருக்கிறது. அப்பாவின் முகத்துக்கும் ஊதுகுழல் தீக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

சொன்னேன். "இருபது வருஷமா ஊதுறேன், எனக்கு என்னடா ஆச்சு?" என்றார். ஸ்காலர்ஷிப் பணத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டியிருக்கிறேன். காட்மியம் இல்லாத பொடியும் கிடைக்கிறது. அதற்குத்தான் இன்னும் அவர் சம்மதிக்கவில்லை.