உறுமும் யந்திரமும் உருளாத சில்லும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், கொக்குவிலையும் இணுவிலையும் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிற் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியால் இவ்வூரைக் கற்றோர் அறிவர். காய்கறிச் சந்தையால் மற்றையோர் அறிவர். அச்சந்தைக்கு வெங்காயத்தையும் மரவள்ளியையும் அனுப்பும் செம்பாட்டுத் தோட்டங்களுள் ஒன்றில், மாரி மழை விட்டுத் தை பிறந்த ஒரு காலையில் நிகழ்ந்ததையே இங்கு எழுதப் புகுகின்றேன். இலக்கியப் பக்கத்தில் உழவு யந்திரத்துக்கு என்ன அலுவல் என்று வினவும் அன்பர் சிறிது பொறுத்தருள்க.

என் அயல் வீட்டுக் கமக்காரர் முன்னொரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர். அவர் பழைய இருசில்லு உழவு யந்திரம் ஒன்றை வாங்கினார். எத்தேசத்தில் எக்கம்பனி செய்ததாயினும் இருசில்லு யந்திரத்துக்கு எங்களூரில் ‘லான்மாஸ்ரர்’ என்பதே பெயர். அதை வாங்குவதற்காக அவர் மனைவியின் சங்கிலி அடைவு கடைக்குப் போயிற்று. விற்றவர், 2022இல் டீசலுக்கு நாட்டு மக்கள் எல்லோரும் வரிசையில் நின்ற மாதங்களில் அதனைக் கொட்டிலுக்குள் விட்டவர். பின்பு வெளியே எடுக்கவேயில்லை. வாங்கும் அன்று ஒரே சுற்றில் எஞ்சின் முழங்கிற்று. அம்முழக்கத்திலே மயங்கி, நாலடி ஓட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கனைப்பை மட்டுங் கேட்டுக் குதிரை வாங்குவாருண்டோ? லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் தோட்டத்தில் எஞ்சின் உறுமியது, கரும்புகை கக்கியது, கைப்பிடிகள் அதிர்ந்தன. சில்லு மட்டும் ஒரு விரற்கடையேனும் உருளவில்லை. கூடிநின்றவர் யாவரும் ஒருமுகமாக, “கியர்ப் பெட்டி போட்டுது” என்றனர். பெட்டியைப் பிரித்துப் பல்லுச் சில்லுகளை மாற்றுவதாயின் வாங்கிய விலையிற் பாதி மீண்டும் வேண்டும். மறுநாட் காலை பட்டினத்துப் பட்டறை ஒன்றுக்கு அதனை ஏற்றிச் செல்வதென்றும் பேசி முடித்துவிட்டார்கள். செம்பாட்டு மண்ணோ நீரை விரைவிற் கீழே விட்டுவிடுவது. நாலைந்து நாள் வெயில் எறித்தால் பதம் போய்விடும். வெங்காய நடுகைக்கு வைத்திருந்த நாலு பரப்பும் கொத்தாமலே கிடந்தன.

இந்த யந்திரத்தின் வரலாறு சுவையுடையது. ‘லான்ட்மாஸ்ரர்’ என்ற மூல யந்திரத்தை 1950களின் நடுப்பகுதியில் வடிவமைத்தவர் இலங்கையரான றே விஜேவர்தன. இங்கிலாந்தில் நொட்டிங்காம் பகுதியிலே அது உற்பத்தியாகி உலகெங்கும் சென்றது. 2010இல் மறைந்த அப்பொறியியலாளர், தாம் முன்னேற்றியது வேளாண்மையையா அல்லது எருமையை யந்திரமாக்கியதோடு அமைந்தோமா என்று பின்னாளில் தமக்குத் தாமே வினாவெழுப்பி, மண்ணை அதிகங் கிளறாத பயிர்ச்செய்கையின் பக்கந் திரும்பினார். தம் படைப்பையே ஐயுறும் துணிவு எழுத்தாளரிடத்துக்கூட அரிது.

யாழ்ப்பாணத்திலோ அந்த ஐயம் எழவில்லை. 1970களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது கமக்காரர் கையிற் காசு புரண்டது, யந்திரங்களும் பெருகின. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாயின. சில துளி பெற்றோலை முகரக் கொடுத்து மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய வித்தையை எங்கள் மெக்கானிக்குகள் பயின்றது அப்பொழுதே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, பெட்டி பூட்டிய லான்மாஸ்ரர்கள் பானை சட்டிகளையும் நடக்கமாட்டாத ஆச்சிமாரையும் சுமந்து ஊர்ந்தன.

அந்தத் தடைக்காலத்துப் பள்ளியிலே தேறிய முதிய மெக்கானிக் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் வாழ்கின்றார். பிற்பகலில் அவரை அழைத்து வந்தோம். அவர் யந்திரத்தைத் தொடுமுன்னர் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

“பெட்டியைத் திறக்கிறது கடைசி வேலை, தம்பி. முதலிலை எஞ்சினை நிப்பாட்டு. ஓடுற பெல்ற்றுக்குக் கிட்டக் கை கொண்டு போறவனுக்கு விரல் மிஞ்சாது.”

எஞ்சினிற் பிறக்கும் சுழற்சி சில்லை அடையுமுன் பல கை மாறுகின்றது. முதலில் பெல்ற், பின்பு கிளச்சு, அடுத்தது கியர்ப் பெட்டி, அப்பால் அச்சு, அச்சைச் சில்லோடு பிணைக்கும் ஆணி. எந்தக் கையில் அது தவறி விழுந்தது என்பதே கேள்வி. அவர் பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், அளவோடு தணிந்தது. பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் வழுக்கும் என்றார், இது மினுங்கவில்லை. மீண்டும் எஞ்சினை முடுக்கி, மண்ணைக் கொத்தும் சுழல் கத்தியைப் பூட்டச் சொன்னார். கத்தி வேகமாகச் சுழன்றது. எஞ்சினின் ஓசையும் ஒரு கணம் தாழ்ந்து நிமிர்ந்தது. என்னைப் பார்த்து, “மாஸ்ரர், இப்ப விளங்குதோ? கத்திக்குப் போற பலம் பெல்ற்றையும் கிளச்சையும் தாண்டித்தான் போகுது. அதுகளிலை பிழையில்லை” என்றார். ஒரு சோதனையில் இரண்டு ஐயம் ஒழிந்தது. எங்கள் கணித வாத்தியார்களுக்கும் இத்துணைச் சுருக்கமான நிறுவல் எளிதில் வாய்ப்பதில்லை.

அடுத்து அச்சிலும் சில்லின் குடத்திலும் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு ஓட்டிப் பார்த்தார். அச்சு சுழன்று சில்லு நின்றிருந்தால் ஆணி முறிந்தது என்று பொருள். இங்கு அச்சே சுழலவில்லை. எஞ்சினை நிறுத்தி, முதலாங் கியரிற் போட்டுக் கையால் தள்ளச் சொன்னார். கியரில் நிற்கும் யந்திரம் தள்ளினால் முரண்ட வேண்டும். இதுவோ குழந்தையின் தள்ளுவண்டிபோல் இலகுவாக உருண்டது. கிழவர் முகத்தில் அப்பொழுதுதான் சிரிப்புத் தோன்றியது.

இருசில்லு யந்திரத்துக்குத் திருப்பும் வளையம் இல்லை. வலப்புறந் திரும்ப வேண்டின் வலக் கைப்பிடியின் கீழுள்ள நெம்பைப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து செல்லும் கம்பி, அப்பக்கத்து அச்சைச் சுழற்றும் பற்களைப் பிரித்துவிடும்; மற்றைச் சில்லு ஓடி யந்திரத்தைத் திருப்பும். இரண்டு நெம்பையும் பிடித்தால் இரண்டு சில்லும் விடுபடும். அவர் கைப்பிடியைத் தடவி, அதில் எஞ்சியிருந்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைக் காட்டினார். கியரில் நின்ற யந்திரத்தைக் கொட்டிலுக்குள் தள்ளுவதற்காக யாரோ இரு நெம்புகளையும் இழுத்துக் கட்டியிருக்கின்றனர். பின்பு கட்டை அவிழ்த்தனர். ஆயின் உறைக்குள் இருந்த கம்பிகள் அந்த நிலையிலேயே துருவேறி இறுகிவிட்டன. நெம்பு தளர்ந்து கிடந்ததால் எவர் கண்ணிலும் அது படவில்லை.

கம்பிகளின் கீழ்முனைகளை அவர் கழற்றியதும் பெட்டியின் இருபுறத்துச் சிறு கைகளும் சுருள்வில்லின் விசையாற் பின்னுக்குப் பாய்ந்தன. சில்லைச் சிறிது அசைத்தார்; உள்ளே பல் கொளுவிய ஓசை கேட்டது. இப்பொழுது மூவர் சேர்ந்து தள்ளியும் யந்திரம் அசையவில்லை. அசையாமை கண்டு நாங்கள் மகிழ்ந்தது அன்றுதான். ஒரு கம்பி மண்ணெண்ணெயில் ஊறி வழிக்கு வந்தது. வராத மற்றையதற்கு மோட்டார் சைக்கிளின் கிளச்சுக் கம்பி பொருந்திற்று. குற்றமற்றதென விடப்பட்ட கியர்ப் பெட்டியின் எண்ணெயையும் அவர் பார்க்கத் தவறவில்லை. அது பாற்தேநீர் நிறமாயிருந்தது; நீர் புகுந்திருக்கின்றது. வயலில் இறக்குமுன் அதை மாற்றும்படி கண்டிப்பாகச் சொன்னார்.

அன்றிரவு கனடாவிலுள்ள என் மருமகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவனும் பழைய யந்திரம் ஒன்று வைத்திருக்கின்றான். ஏறியிருந்து புல் வெட்டுவது. அதுவும் உறுமுகின்றதாம், நகர்கின்றதில்லையாம். அவ்வகையிற் பலவற்றில் எண்ணெயின் அழுத்தமே சில்லைச் சுழற்றும். தள்ளிச் செல்வதற்காகச் சில்லை விடுவிக்கும் கோலொன்று பின்புறத்தே இருக்கும்; அதை இழுத்தபடி மறந்துவிட்டால் யந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அவன் அதனைப் பார்த்தான், சரியாகவே இருந்தது. பின்பு கீழே குனிந்தபொழுது, பெல்ற்றை இறுக்கும் சிறு உருளையின் சுருள்வில் கொழுக்கியிலிருந்து கழன்று தொங்கியது. குளிர்ந்திருக்கும்போது ஓடிச் சூடேறியபின் தளர்வதாயின் எண்ணெய்ப் பகுதியே தேய்ந்திருக்கலாம். அது செலவுள்ள நோய். நல்லவேளை, அவனுடையது அதுவன்று.

பட்டறைக்குப் பேசியிருந்த லொறியை வரவேண்டாமென்று அன்றிரவே சொல்லியாயிற்று. புது எண்ணெய் விட்டு மறுநாட் காலை ஏழு மணிக்கு யந்திரம் வரம்பைக் கடந்தது. பொழுது சாயுமுன் மூன்று பரப்புக் கொத்தி முடிந்தது. நாலாவது பரப்பின் கிழக்கு மூலையில் மட்டும் மண் காய்ந்து கட்டிபட்டிருந்தபடியால், அதனை மண்வெட்டியாற் கொத்தினார்கள்.