ஆகாயத்தில் யார் கண்டக்டர்?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். வெள்ளைக் கோடு இழுத்தபடி ஒரு விமானம்.

''மேல ரோடும் கெடையாது, சிக்னலும் கெடையாது. அவருக்கு எவன்வே வழி சொல்லுதான்?''

நியாயமான கேள்வி! நம்ம பஸ்ஸில் விசில் கண்டக்டரிடம், ஸ்டீயரிங் டிரைவரிடம். 'ரைட்' கொடுத்த பிறகும் குறுக்கே மாடு வந்தால் டிரைவர் பிரேக் போட்டே தீருவார். ஆகாயத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். எந்தத் திசை, எத்தனை அடி உயரம் என்று கீழேயிருந்து சொல்பவர் கன்ட்ரோலர். பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'சரி சார்' செல்லாது! ஆபத்து என்று தெரிந்தால் 'முடியாது' என்று சொல்லும் உரிமையும் பைலட்டுக்கு உண்டு.

இந்தப் பங்கீட்டில் பிசகினால்..?

1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. வந்தது, சொன்ன உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. கன்ட்ரோலரின் ராடாரோ உயரத்தைக் காட்டாது! ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதல். 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பிறகுதான் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்தார்கள். உயரம் காட்டும் ராடார் வந்தது. 'டீகாஸ்' கருவி கட்டாயமானது. இன்னொரு விமானம் நெருங்கினால் 'ஏறு', 'இறங்கு' என்று காக்பிட்டுக்குள்ளேயே குரல் கொடுக்கும். இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்றை மேலே, மற்றதைக் கீழே அனுப்பும்.

தீர்ந்ததா பிரச்னை? இல்லை... மூன்றாவதாக ஓர் எஜமான் வந்து சேர்ந்தார்!

2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானம். ரஷ்ய விமானத்தில் கருவி 'ஏறு' என்றது. கன்ட்ரோலர் 'இறங்கு' என்றார். பைலட் மனிதர் பேச்சைக் கேட்டார். குறுக்கே வந்த சரக்கு விமானம் கருவி பேச்சைக் கேட்டது. இரண்டும் இறங்கின! 71 பேர் பலி. பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள். கன்ட்ரோலர் மட்டும் குற்றவாளியா? அந்த ராத்திரி இரண்டு பேர் வேலையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

இப்போது விதி தெளிவு. கருவி உத்தரவிட்டால் அதுதான் வேதவாக்கு. பைலட் தகவல் சொன்னதும் கன்ட்ரோலர் குறுக்கிடக் கூடாது. ஆபத்து விலகியதும் பொறுப்பு மறுபடி தரைக்கு!

அண்ணாச்சி டீயை உறிஞ்சினார்.

''எங்க ஆபீஸ்ல மேனேஜர் ஏறுங்காரு, ஹெட் கிளார்க் இறங்குங்காரு. எங்களுக்கும் ஒரு கருவி வந்தாத் தேவலை வே!''