கேட்பதால் எண்ணம் முளைக்காது: தற்கொலை அபாயத்தை இனங்காணப் பயிற்சி ஏன் தேவை?

தலையிடி, நெஞ்செரிவு, கை கால் உளைவு, நித்திரையின்மை. போரால் பாதிக்கப்பட்ட எமது கிராமங்களிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பலர் சொல்லும் முறைப்பாடுகள் இவைதான். மருந்து கிடைக்கிறது, அவர்கள் வீடு திரும்புகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றியோ, வாசலுக்கு வரும் நுண்கடன் வசூலிப்பாளரைப் பற்றியோ, 'இனி இருந்து என்ன' என்ற எண்ணத்தைப் பற்றியோ அங்கே பெரும்பாலும் பேச்சு எழுவதில்லை.

மனநல மருத்துவரை நேரே தேடிச் செல்பவர்கள் குறைவு. மனமுடைந்த ஒருவர் முதலில் சந்திப்பது வைத்தியரை, தாதியை, குடும்பநல உத்தியோகத்தரை, ஆசிரியரை, கிராம உத்தியோகத்தரை அல்லது மதகுருவை. பயிற்சி முதலில் இவர்களுக்கே தேவை. நோயைக் குணப்படுத்துவது இவர்களின் பொறுப்பல்ல. அபாயத்தை இனங்காண்பதும், உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே இவர்கள் செய்யவேண்டிய இரண்டு வேலைகள்.

எப்படிக் கேட்பது?

'கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே விதைத்துவிடுவோம்' என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. நேரடியாகக் கேட்பது அபாயத்தைக் கூட்டுவதில்லை. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலையே பலருக்கும் தருகிறது.

கேள்விகள் படிப்படியாகப் போகவேண்டும். 'அண்மைக்காலமாக மனம் எப்படி இருக்கிறது?', 'வாழ்க்கை வெறுத்துப் போனதாக நினைக்கிறீர்களா?', 'உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா?', 'எப்படியென்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?', 'முன்னர் எப்போதாவது முயன்றிருக்கிறீர்களா?'

'அப்படியொன்றும் யோசிக்கேல்லைத்தானே அம்மா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். 'பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவில்லையா?' என்பதும் 'இது பாவம்' என்பதும் வாயை அடைத்துவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கும் உறவினருக்கும் கேட்கும்படி விசாரிப்பதும் அப்படித்தான். தனியிடமும் அவசரமில்லாத பத்து நிமிடமும் வேண்டும்.

பதில் 'ஓம்' என்றால்?

எண்ணம் வந்துபோகிறது, ஆனால் திட்டம் எதுவுமில்லை என்றால், மனநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ விரைவில் அனுப்பித் தொடர்ந்து கவனிக்கவேண்டும். இப்போதே எண்ணமும் திட்டமும் இருந்தால், அவரைத் தனியே விடக்கூடாது. ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றவேண்டும். நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்து அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரகசியம் காப்பது அவசியம்; ஆனால் உயிராபத்து இருக்கும்போது யாருக்குச் சொல்லப்போகிறோம் என்பதை அவரிடமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் மட்டும் போதாது

'மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ' என்று துண்டு எழுதிக் கொடுப்பதோடு பல வேளைகளில் வேலை முடிந்துவிடுகிறது. பஸ்ஸுக்குக் காசில்லாமலும், அன்றைய கூலியை இழக்க முடியாமலும், 'விசர் ஆஸ்பத்திரிக்குப் போறா' என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்தும் அந்தத் துண்டு வீட்டிலேயே கிடந்துவிடும். அங்குள்ள உத்தியோகத்தருடன் முன்கூட்டியே பேசி நாள் குறிப்பதும், துணைக்கு ஒருவரை ஒழுங்கு செய்வதும், அடுத்த வாரம் 'போனீங்களா?' என்று விசாரிப்பதும் சேர்ந்ததே முழுமையான உதவி.

தொடர்பைப் பேணுவதன் பலனை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று காட்டியது. கொழும்பும் சென்னையும் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்ட 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு ஒரு மணிநேர உரையாடலும், பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும் கிடைத்தன. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதத்தினர் தற்கொலையால் இறந்தனர். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 வீதம். 2008இல் வெளியான இந்த முடிவு, விலையுயர்ந்த கருவி எதையும் கேட்கவில்லை.

1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின்னர் அது பெருமளவு குறைந்தது. தடுக்கமுடியாத விதியல்ல இது என்பதற்கு எமது நாடே சாட்சி. தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கு குற்றமல்ல. 'சொன்னால் பொலிஸ் கேஸ் ஆகிவிடும்' என்று ஒளிப்பவர்களுக்கு இதையும் எடுத்துச் சொல்லவேண்டும்.

கேட்பவர்களும் இதே போரைக் கடந்து வந்தவர்கள்தான். தம் வீட்டிலும் இழப்பைச் சுமப்பவர்கள். பயிற்சி ஒருநாள் கருத்தரங்கோடு முடியாமல், கேட்டதை இறக்கிவைக்க அவர்களுக்கும் ஒரு மூத்த ஆலோசகர் இருக்கவேண்டும்.

கடன் தீராமலும் காணாமல் போனவர் திரும்பாமலும் இருக்கும்போது ஒரு கேள்வி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் அந்த இரவைத் தாண்ட அது போதுமாயிருக்கலாம்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இத்தகைய எண்ணம் இருந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். உடனடி ஆபத்தெனில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.