ஒரு மோட்டார், ஐந்து கருவிகள்: பழைய ஷாப்ஸ்மித்தை மீட்டெடுத்தல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், புறநகர் வீடுகளின் கார் கொட்டகைகளிலேயே மரவேலை செய்ய விரும்பியவர்களுக்குத் தனித்தனி இயந்திரங்களை வாங்கப் பணமும் நிறுத்தி வைக்க இடமும் போதவில்லை. ஜெர்மனியிலிருந்து அங்கே குடியேறிய பொறியாளர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் இந்தத் தேவையை உணர்ந்து வடிவமைத்த ஷாப்ஸ்மித் என்னும் பல்பயன் மரவேலை இயந்திரத்தை, மாக்னா என்ற நிறுவனம் 1947-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு இணையான எஃகுக் குழாய்களின்மீது முன்னும் பின்னும் நகரும் ஒரு தலைப்பகுதி, அதற்குள் ஒரே மோட்டார், அதனால் சுழலும் ஒரே தண்டு என்பதே இதன் அடிப்படை அமைப்பு. அந்தத் தண்டில் வட்ட ரம்பத்தை மாட்டினால் மரம் அறுக்கலாம். உப்புத்தாள் ஒட்டிய தட்டை மாட்டினால் தேய்க்கலாம். எதிர்முனையில் ஒரு தாங்கியைப் பொருத்தினால் அதுவே கடைசல் இயந்திரமாகிவிடும். துளைப்பான் அலகை மாட்டிக் கிடைவாட்டில் துளையிடலாம், குழாய்களையே செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினால் மேலிருந்து கீழாகவும் துளையிடலாம்.

இந்த இயந்திரம் இன்றும் பழைய பொருள்களின் சந்தையில் விரும்பி வாங்கப்படுவதற்கு அதன் பன்முகத் திறனைவிட, அதன் அளவுகள் மாறாமல் இருந்ததே பெரிய காரணம் எனலாம். 1950-களில் வெளிவந்த மார்க் 5 என்னும் வடிவம் 1960-களில் உற்பத்தி நின்று முடங்கியபோதும், ஜான் ஃபோல்கர்த் என்பவர் 1972-இல் அதன் உரிமையை வாங்கி ஒஹாயோ மாநிலத்திலிருந்து மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார். அப்போதும் சுழல்தண்டின் 5/8 அங்குலக் குறுக்களவும், குழாய்களுக்கு இடைப்பட்ட தூரமும் மாற்றப்படவில்லை. ஆகவே தாத்தா காலத்து இயந்திரத்தின் குழாய்களில் பேரன் காலத்து மேசையைப் பொருத்த முடிகிறது. மார்க் 5-க்கு முன் வந்த 10இஆர் என்னும் வடிவத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதன் பாகங்களுள் பல பின்வந்தவற்றோடு பொருந்தாதவை என்பதால், அதை வாங்குபவர் அதே வயதுள்ள மற்றோர் இயந்திரத்தையே நாட வேண்டியிருக்கும். அழகுக்காகவும் வரலாற்று மதிப்புக்காகவும் அதை வாங்கலாம். அன்றாட வேலைக்கு மார்க் 5 போதும்.

வாங்கும்போது பலர் துருவைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதோ காணாமல்போன துணைக்கருவிகளைக் கண்டுதான். குழாயின்மேல் படிந்த துரு மண்ணெண்ணெயில் நனைத்த நுண்ணிய எஃகுப் பஞ்சுக்கு மசிந்துவிடும். ஆனால் மரத்தை நேர்கோட்டில் செலுத்தும் தடுப்புச் சட்டம், கோணத்தில் அறுக்க உதவும் அளவுகோல், கடைசலுக்கான எதிர்முனைத் தாங்கி, ரம்பத்தைத் தண்டில் பிணைக்கும் இணைப்பான் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால், இயந்திரத்தின் விலையையே அவை விழுங்கிவிடக்கூடும். ரம்பத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஷாப்ஸ்மித்தின் வழக்கமான இணைப்பான் 1 1/4 அங்குல நடுத்துளை உள்ள ரம்பத்தையே ஏற்கும்; கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 அங்குல ரம்பங்களின் துளையோ 5/8 அங்குலம். இதை அறியாதவர் ரம்பம் பொருந்தவில்லை என்று இயந்திரத்தையே குறை கூறுவார்; அறிந்தவர் 5/8 அங்குல ரம்பத்துக்கான மாற்று இணைப்பானை ஒருமுறை வாங்கிக்கொண்டு, பிறகு எந்தக் கடையிலும் ரம்பம் வாங்குவார்.

மீட்டெடுப்பின் உயிர்நாடி, ஹெட்ஸ்டாக் எனப்படும் தலைப்பகுதிக்குள் இருக்கிறது. மோட்டார் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடினாலும், ரம்பத்துக்கும் பெரிய துளைக்கும் கடைசலுக்கும் வெவ்வேறு வேகங்கள் தேவை என்பதால், நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5200 சுற்று வரை வேகத்தை மாற்றும் பொறியமைப்பு ஒன்று அதற்குள் வைக்கப்பட்டுள்ளது. மோட்டாரின் தண்டிலும் மேலுள்ள இடைத்தண்டிலும் தலா ஒரு பிளவுபட்ட புல்லி இருக்கும். ஒவ்வொன்றும் உட்புறம் சரிவாகச் செதுக்கப்பட்ட இரண்டு பாதிகளால் ஆனது. பாதிகள் நெருங்கினால் இடையில் ஓடும் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் நடுவை நோக்கி இறங்கும். வேகக் குமிழைத் திருப்பும்போது ஒரு கரம் மோட்டார்ப் புல்லியின் ஒரு பாதியைத் தள்ளுகிறது. அதனால் பெல்ட் அங்கே மேலேறி, மற்றொரு முனையில் சுருள்வில்லின் எதிர்ப்பை வென்று இடைத்தண்டுப் புல்லிக்குள் இறங்க, சுழல்தண்டின் வேகம் கூடுகிறது.

மோட்டார் ஓடாதபோது வேகக் குமிழைத் திருப்பக் கூடாது என்ற எச்சரிக்கைக்குக் காரணமும் இந்த அமைப்புதான். நின்றுபோன பெல்ட் புல்லியின் சரிவில் ஏற முடியாமல் இறுகி நிற்க, தள்ளும் கரமும் அதை இயக்கும் பற்சக்கரமும் முழு அழுத்தத்தையும் தாங்க நேரிடும். எதிர்த்திசையில் திருப்பினாலோ கரத்துக்கும் புல்லிக்கும் இடையே இடைவெளி விழுந்து, அடுத்த முறை மோட்டார் ஓடத் தொடங்கியதும் புல்லி பாய்ந்து வந்து மோதும். பழைய உரிமையாளர்கள் பலர் இதை அறியாமல் திருப்பியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே தலைப்பகுதியைத் திறப்பது நல்லது. திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, புல்லியும் தண்டும் வழுக்காமல் சேர்ந்து சுழலச் செய்யும் சாவித்துண்டுகளை. கையால் ஆட்டிப் பார்க்கும்போது சிறிதளவேனும் தளர்ச்சி தெரிந்தால், அந்தத் தளர்ச்சியே நாளடைவில் புல்லியைப் பிளக்கும். பெல்ட் தேய்ந்து உதிர்ந்த கருந்தூளும், எண்ணெயில் ஊறிக் கெட்டியான மரத்தூளும் நகர வேண்டிய பாதிகளை ஒட்ட வைத்திருப்பது உண்டு. பல நேரங்களில் பழுது என்று எண்ணப்படுவது வெறும் அழுக்குதான்.

உதிரிபாகங்களைத் தேடும்போது எதை உற்பத்தியாளரிடம் வாங்குவது, எதை ஊர்க் கடையில் வாங்குவது என்ற பாகுபாடு முக்கியம். பேரிங்குகளை இயந்திரத்தின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. அவற்றின் விளிம்பில் பொறித்த எண்ணே போதும். பரவலாகப் புழங்கும் பந்து பேரிங்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை 5-ஆல் பெருக்க உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும்: 6205 என்றால் 25 மில்லிமீட்டர். 6203 இந்தக் கணக்குக்கு விலக்கு. அதன் துளை 17 மில்லிமீட்டர். அமெரிக்க இயந்திரங்களின் தண்டுகள் அங்குல அளவில் இருப்பதால், வெளிவட்டம் 6203-ஐ ஒத்தும் துளை மட்டும் 5/8 அங்குலமாகவும் உள்ள கலப்புப் பேரிங்குகளும் விற்கப்படுகின்றன. எண்ணைத் தொடர்ந்து ‘-10’ என்று இருப்பது, துளை அங்குலத்தில் பதினாறில் பத்துப் பங்கு என்பதைக் குறிக்கும். அந்தச் சிறு குறிப்பைக் கவனிக்காமல் வாங்கினால், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தளர்வான பேரிங்கே கைக்கு வரும். திருகுகளும் அங்குல மரை கொண்டவையே. கைக்கு அகப்பட்ட மில்லிமீட்டர்த் திருகை முறுக்கி ஏற்றினால் அலுமினிய வார்ப்பிலுள்ள மரை அழிந்துவிடும்.

வேகக் கரம், புல்லிப் பாதிகள், சுழல்தண்டைத் தாங்கி முன்பின் நகர்த்தும் குவில் என்ற உருளை போன்றவை வேறெங்கும் கிடைக்காதவை. இவற்றுக்கு உற்பத்தியாளரின் புதுப் பாகம் ஒரு வழி, இயங்காத மற்றோர் இயந்திரத்தை முழுதாக வாங்கிப் பிரித்தெடுப்பது இன்னொரு வழி. மார்க் 5-ஐப் பொறுத்தவரை இரண்டாம் வழியே சிக்கனமானது. பாகம் பாகமாக விற்பவர் ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைப்பார், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரும்புக் குவியலை ஒழித்தால் போதுமென்று நினைப்பவரோ மொத்தத்தையும் சொற்ப விலைக்குத் தருவார். ஆனால் எந்தக் காலத்து இயந்திரம் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். தொடக்க கால மார்க் 5-இல் இடைத்தண்டிலிருந்து சுழல்தண்டுக்கு ஆற்றலைக் கடத்தியது கில்மர் எனப்படும் பற்கள் கொண்ட பெல்ட். பின்னர் நீளவாட்டில் வரிகள் கொண்ட பெல்ட் வந்தது. முன்னதன் பாகத்தைப் பின்னதில் அப்படியே மாட்ட இயலாது. குவிலிலும் ஒற்றைப் பேரிங் உள்ள பழைய வகையும் இரட்டைப் பேரிங் உள்ள புதிய வகையும் உண்டு.

மோட்டார் உறுமியும் சுழலாமல் நின்றால், அது எரிந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இரண்டு சிறு பொருள்களைச் சோதிக்க வேண்டும். ஒன்று, தொடக்கத்தில் உந்துதல் தரும் கெப்பாசிட்டர். மற்றொன்று, மோட்டார் வேகம் பிடித்ததும் அந்தத் தொடக்கச் சுற்றைத் துண்டிக்கும் மையவிலக்கு ஸ்விட்ச். இந்த ஸ்விட்சின் தொடுமுனைகளுக்கு இடையே மரத்தூள் புகுந்துகொள்வது மரவேலை மோட்டார்களுக்கே உரிய நோய். மின்தொடர்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை வெளியேற்றாமல் கை வைக்கக் கூடாது. அமெரிக்க மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு அதைக் கொண்டுவருவோர் மின்னழுத்தத்தை மட்டும் டிரான்ஸ்ஃபார்மரால் குறைத்தால் போதாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு மோட்டார் சூடாகவும் செய்யும்.

பூட்டி முடித்தபின் குழாய்களுக்கு எண்ணெய் தடவுவது தவறு. எண்ணெய் மரத்தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிலிகான் கலவாத கெட்டி மெழுகைத் தேய்த்து, உலர்ந்ததும் துடைத்துவிட்டால் தலைப்பகுதி தடையின்றி நகரும். அடுத்து ரம்பத்தின் ஒரே பல்லை முன்னும் பின்னுமாக நிறுத்தி, மேசையிலுள்ள பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை மேசையைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். மேசை ரம்பத்துக்கு இணையாக இல்லாவிட்டால் ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மரத்தைக் கவ்வி, அறுப்பவரை நோக்கி எறியும். பழைய இயந்திரங்களில் முதலில் தொலைவது ரம்பத்தின் காப்பு மூடிதான். அது இல்லாமலேயே ‘முழுமையாக மீட்கப்பட்டது’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது இல்லாத வரையில் அந்த இயந்திரத்தைத் துளையிடவும் தேய்க்கவும் பயன்படுத்தலாமே தவிர, ரம்பத்தை மாட்டலாகாது.

முதல் ஓட்டத்தில் தண்டில் எதையும் மாட்டாமல், மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக 5200 வரை ஏற்றி, பேரிங்கின் ஒலியும் வெப்பமும் கூடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். பிறகு மோட்டார் ஓடும்போதே குமிழை மீண்டும் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே ஸ்விட்சை அணைக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்துவிட்டு அதே வேகத்தில் அணைத்துவைத்தால், மறுநாள் அதில் இன்னும் உருண்டையாகாத மரக்கட்டையை மாட்டிக் கடையத் தொடங்குபவரின் முகத்துக்கு நேரே, அந்தக் கட்டை தொடங்கிய கணத்திலேயே ரம்பத்தின் வேகத்தில் சுழலும்.