வாற்றுக் கணக்கில் மயங்கலாமா?

பழைய அம்பிளிபையரை நீக்கிப் புதியதொன்று வாங்க விரும்பும் நாம், 50 வாற்றுக்குப் பதில் 100 வாற்று வைத்தால் ஒலி இருமடங்காகும் என எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. வலு இருமடங்கானால் ஒலி 3 டெசிபலே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும்.

1978 இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்னுங் கருவியின் வலு, பக்கத்துக்கு 20 வாற்றே. ஆயினும் இசைப்பிரியர் பலர் அதனைப் போற்றினர்.

ஆதலின், முதலில் ஸ்பீக்கரின் உணர்திறனை நோக்குவோம். ஒரு வாற்றுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு, 87 டெசிபல் தருவதற்கு வேண்டிய வலுவில் பாதியே போதும். நம் ஸ்பீக்கர்களையே கடைக்குக் கொண்டுசென்று, பழகிய இசைத்தட்டொன்றைக் கேட்டுப் பார்ப்போம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அதன்பின் எண்ணிக் கொடுப்போமாக!