கிணறு இருக்கும் இடத்தில் வீடு!

காவிரி டெல்டாவில் மேட்டு நிலத்தில் வீடுகள் தெருத் தெருவாகச் சேர்ந்திருக்கும், சுற்றிலும் வயல். காங்கேயம், தாராபுரம் பக்கம் அப்படியில்லை. கிளுவை வேலிக்குள் தனித்தனித் தோட்டம். அதற்குள் ஒரு சாளை.

காரணம் தண்ணீர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. நொய்யல், அமராவதி பாசனம் எட்டாத மேட்டில் கிணறே கதி. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், கிணற்றடியில் குடியிருந்தால்தான் விடியுமுன் ஏர், இறைவை எல்லாம் நடக்கும். மானாவாரி நிலம் கொறங்காடு ஆனது. அதில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் மாடுகளைக் காத்தன.

தோட்டத்துக் குடியிருப்பு நிலம் உள்ளவருக்கே வாய்த்தது. கோயில், கடை, கைத்தொழில் குடும்பங்கள் ஊருக்குள் இருந்தன. நிலமில்லாத அருந்ததியர் குடியிருப்பு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. தோட்ட வேலைக்கு அவர்கள் அங்கிருந்தே நடந்து வந்தார்கள்.

பிறகு பனியன் கம்பெனிக் கூலி, ஆட்களைத் திருப்பூர் பக்கம் இழுத்தது. சாயக்கழிவு நொய்யலோரக் கிணறுகளைக் கெடுத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலும் கழிவுநீர் தேங்கியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கிணறு கெட்டால் சாளையில் குடியிருக்கக் காரணமே இல்லை. அடுத்து வருவது வீட்டுமனைக் கல்தான்.

நல்ல கிணறு உள்ளவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாகம் பிரிக்கும்போது பலர் ஏக்கரை மட்டும் எழுதுகிறார்கள். கிணற்றுப் பங்கு, இறைவை முறை, மின் இணைப்பு, வண்டித்தடம் நான்கையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிப் பதிவு செய்யுங்கள். தடமும் தண்ணீரும் இருந்தால்தான் அடுத்த தலைமுறை தோட்டத்தில் குடியிருக்கும்.